செங்கோட்டை விளக்குக்கடை: தூக்கு விளக்கு முதல் கோலக்குழல் வரை

ஒன்பது ஆண்டுகள் வாடகைக்கு விட்டிருந்த செங்கோட்டை வீட்டுக்குச் சென்ற தை மாதம் நாங்கள் திரும்பி வந்தோம். வெள்ளையடிப்பதும் உடைந்த ஓடுகளை மாற்றுவதும் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டன. அதன் பிறகும் வீடு சத்திரம் போலத்தான் இருந்தது. தாத்தா போட்ட காவித்தரை, நடுவில் முற்றம், வாசலில் இரண்டு திண்ணைகள் என்று எல்லாம் அப்படியே இருக்க, முற்றத்து உத்தரத்தில் ஒரு வெறும் வளையமும் அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படிந்த புகைக்கறையும் மட்டும் கண்ணை உறுத்தின. அங்கே தொங்கிய தூக்கு விளக்கு எப்போது, யார் கையில் போயிற்று என்பது அம்மாவுக்கும் நினைவில்லை. அந்த வளையத்தில் மாட்டுவதற்கு ஒரு விளக்கைத் தேடிப் போனதில்தான் இந்தக் கடை எனக்கு அறிமுகமாயிற்று.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் 'விளக்குக்கடை' என்று கைகாட்டுவார்கள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் காத்திருக்க வேண்டிய அகலம்தான். ஆனால் சரக்கு, ஊரின் வரலாற்றை அடுக்கி வைத்ததுபோல இருக்கிறது. திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது என்பதால், காலையில் வாசலில் அரிசிமாவுக் கோலமும் மாலையில் உம்மறத்தில் (வீட்டின் முன்தாழ்வாரத்தில்) மலையாளத்து விளக்கும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. கடையின் இடப்பக்கத் தட்டில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் நிற்கின்றன. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எனத் தனித்தனியே திருகிக் கழற்றக் கூடியவை, ஐந்து முகம் வைத்தவை, உச்சியில் அன்னம் உட்கார்ந்தவை. வலப்பக்கத்தில் கேரளத்து நிலவிளக்குகள். முகம் எதுவும் வெட்டாத வட்டத் தட்டும் உருண்டுவந்த தண்டுமாக, அலங்காரம் மிகக் குறைவானவை. எனக்கு வலப்பக்கம்தான் பிடித்தது. துடைப்பவளுக்குத்தான் தெரியும், அன்னத்தின் கழுத்து இடுக்கில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கின் பாடு.

முதலில் இணையத்தில் ஒரு தூக்கு விளக்கு வாங்கி ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பளபளவென்று வந்த அந்த விளக்கு, ஏற்றத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே திரி எரியும் இடத்தைச் சுற்றிப் பழுப்புத் திட்டுகளாக மாறிவிட்டது. புளியும் உப்பும் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தும் அசையவில்லை. கறுக்காமல் இருப்பதற்காகப் பித்தளையின் மேல் நிறமற்ற லாக்கர் பூசி விற்கிறார்கள் என்பதும், சூட்டில் தீய்ந்து நிறம் மாறியது அந்தப் பூச்சுதான் என்பதும், புளியின் புளிப்பு உலோகத்தைத் தொட்டால்தான் களிம்பு போகும் என்பதும் பிறகே புரிந்தது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு பிற்பகல் முழுக்கத் துடைத்த பிறகே அடியிலிருந்த பித்தளை வெளிப்பட்டது. சுவரில் அழகுக்கு மாட்டுகிற பொருளுக்கு அந்தப் பூச்சு பொருந்தலாம்; தினம் எரிகிற விளக்குக்குப் பொருந்தாது.

செங்கோட்டைக் கடையில் பூச்சு இல்லாத விளக்கைக் கேட்டவுடன், கடைக்கார அண்ணாச்சி மேல்தட்டிலிருந்து மங்கலாக ஒன்றை எடுத்துத் தந்து, "இத வாங்கிட்டுப் போங்கம்மா, தேய்க்கத் தேய்க்க ஒங்க வீட்டு விளக்கா ஆயிரும்" என்றார். விற்பனைப் பேச்சு என்றே நினைத்தேன். மூன்று மாதமாகிறது; வெள்ளிக்கிழமைதோறும் புளி, பிறகு சாம்பல், பிறகு பழைய பருத்தித் துணி என்று தேய்த்ததில், விரல் அடிக்கடி படும் விளிம்பு மட்டும் ஒரு தேன்நிறத்துக்கு வந்திருக்கிறது. சங்கிலியின் நீளத்தைக் கண்ணி கழற்றிக் குறைத்துக் கொடுத்தார். ஆளின் தலைக்கு இடிக்காமலும், திரி தூண்டக் கை எட்டும்படியும் இருக்க வேண்டும் என்று அவர் என் உயரத்தைப் பார்த்தே அளவு வைத்தார். அது மிகச் சரியாக அமைந்தது.

விலை எடைக்குத்தான். கிலோ 1,150 ரூபாய் வீதம், 1 கிலோ 640 கிராம் விளக்குக்கு 1,886 ரூபாய் ஆயிற்று. வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து என் மகள் விளையாட்டாக வைத்துப் பார்த்ததில், விளக்கிலும் சங்கிலியிலும் ஒட்டாத காந்தம் உச்சிக் கொக்கியில் போய்ப் பட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை முலாம் பூசிய இரும்பு அது. நிறுத்தபோது அதையும் பித்தளை விலைக்கே நிறுத்திருக்கிறார். மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி முகம் சுளிக்கவில்லை; எடை தாங்க வேண்டும் என்பதால் கொக்கி இரும்பில்தான் வரும் என்று விளக்கம் சொல்லிவிட்டு, கொக்கியைத் தனியே நிறுத்து 180 கிராமுக்கான 207 ரூபாயில் 200 ரூபாயைத் திருப்பித் தந்து, மீதி ஏழு ரூபாய்க்கு ஒரு திரிக்கட்டைக் கையில் வைத்தார். நான் கேட்காமலிருந்தால் தந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஆறன்முளைக் கண்ணாடிகள் இருந்தன. என் கைக்கு மீறிய விலை என்பதால் வாங்கவில்லை. ஆயினும் எடுத்துக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தேன். இது செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய உலோகம். கலவையின் விகிதத்தைச் செய்கிற குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்புறத்தில் இருப்பதால், மேலே விரல்நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனம் இடைவெளியாகத் தெரியும். இதில் பிம்பம் மேற்பரப்பிலேயே உருவாவதால் விரலும் பிம்பமும் நுனியோடு நுனி முட்டிக்கொள்கின்றன. போலியைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி என்று சொல்லி, விரலுக்குப் பதிலாக ஒரு தீக்குச்சியை, பரப்பில் உரசாமல், மெல்லத் தொட்டுக் காட்டினார் அண்ணாச்சி. கைரேகை பட்டால் மெருகு கெடும் என்பதால் வெறும் விரலை வைக்க அவர் விடுவதில்லை. சித்திரை விசுவுக்குக் கனி வைக்கும் வீடுகளில் கண்ணாடி இல்லாமல் கனி கிடையாது. எங்கள் வீட்டுக் கனியில் இன்றுவரை முகச்சவரக் கண்ணாடிதான் நிற்கிறது.

கோலப் பொருள்களில் துளையிட்ட பித்தளைக் கோலக்குழல் ஒன்று வாங்கினேன். மாவைச் சலித்துப் போட்டால் சீராக ஓடுகிறது. சலிக்காவிட்டால் மூன்றாம் சுற்றில் அடைத்துக்கொள்கிறது. கோல ஒட்டிகளும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அவற்றைப் பற்றி எனக்கு நடுநிலை கிடையாது. குடியிருந்தவர்கள் எங்கள் காவித்தரையில் ஒட்டியிருந்த தாமரையைப் பிய்த்தபோது, பசையோடு தரையின் மேல்மெருகும் வந்துவிட்டது. மூன்று மாதமாகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தும் அந்த இடத்தில் எட்டு இதழும் வெளிறித் தெரிகின்றன. இப்போது அம்மா அதன் மேலேயே கம்பி இழுத்துக் கோலம் போடுகிறார். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் மேற்கு வெயிலில் ஒரே கோடையில் நீலம் பாய்ந்துவிடும், வேண்டாம்.

பாய்கள் பத்தமடையிலிருந்து வருகின்றன. தாமிரபரணிக் கோரையை நீரில் ஊறப்போட்டு மெல்லிசாகக் கீறிப் பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்த சன்ன ரகத்தைத் துணிபோலவே மடிக்கலாம். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப்பாய்க்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திண்ணைக்கென்று சிவப்புக் கரை வைத்த முரட்டு ரகத்தை வாங்கினேன். அம்மா இப்போது மாலை நேரத்தில் நாற்காலியை விட்டுவிட்டு அதில்தான் உட்கார்ந்து பூக் கட்டுகிறார். ஒரு குறை: பாய்களைக் கடையின் பின்புற ஈரச் சுவரோரம் நிறுத்தி வைத்திருப்பதால் நான் எடுத்த முதல் பாயின் உட்சுருளில் பூஞ்சை இருந்தது. முழுதும் விரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கட்டிக் கொடுப்பது பழைய செய்தித்தாளில்தான். தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஒரு துண்டாவது கொண்டுபோவது நல்லது. அட்டையில் பணம் வாங்குவதில்லை, கைப்பேசி வழியாக வாங்குகிறார்கள். ரசீது கேட்டால்தான் கிடைக்கும்.

மிச்சமிருப்பது உருளி. வாசலில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்தி மிதக்கவிடுவதற்குத் தகட்டில் அழுத்திய மெல்லிய பித்தளை உருளியே போதும் என்றார் அண்ணாச்சி. பக்கத்திலேயே ஆலப்புழை மாவட்டத்து மான்னாரில் வார்த்த ஓட்டு (வெண்கல) உருளியையும் வைத்து, இரண்டையும் விரல்கணுவால் தட்டிக் காட்டினார். பித்தளை 'டொக்' என்று நின்றது. செம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வெள்ளீயம் சேர்ந்த ஓடு, கோயில் மணிபோல நெடுநேரம் ரீங்கரித்தது. கீழே போட்டால் உடைந்துவிடும் என்றும் எச்சரித்தார். விசுவுக்கு முந்தைய வாரம் இவை தீர்ந்துவிடும் என்பதால் நடுத்தர அளவில் ஒன்றை எனக்காக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் காதுகளில் வளையம் மாட்டியிருக்கிறது; காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போகப்போகிறேன்.