யூஸ்ஸ்டேட்டா, யூஸ்ரெடியூசரா? மருதமுனைக் கைத்தறிக் கடைப் பக்கத்தில் கண்டது

மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் நண்பனுக்காக இணையப் பக்கத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டில் ஒரு விற்பனைப் பக்கம் செய்து கொடுத்தேன். இரண்டாம் நாளே அழைத்தான்: "மச்சான், ரெண்டு சாரன் வித்தாச்சி, இங்க ஒண்டுதான் குறைஞ்சிருக்கு." கல்லடியில் வீட்டு வைஃபையில் நான் சோதித்தபோது வராத பிழை அது.

மாறும் மதிப்பை நினைவில் வைக்கும் ரியாக்டின் யூஸ்ஸ்டேட்டில் (useState) இருப்பை வைத்து, சேர்வரின் பதில் வந்த பிறகே அதில் ஒன்றைக் கழிக்கும்படி எழுதியிருந்தேன். சிக்னல் மந்தமான இடத்தில், முதல் பதில் வருமுன் அவன் மறுபடி அழுத்திவிட்டான். இரண்டு அழுத்தலும் பழைய இருப்பான 10ஐயே பிடித்து வைத்திருந்து, இரண்டும் 9 என்று எழுதின.

யூஸ்ஸ்டேட்டுக்குள்ளேயே இதற்கு மருந்து உண்டு. கணக்குப் போட்ட விடையைக் கொடுக்காமல், முந்தைய மதிப்பை வாங்கி ஒன்று கழிக்கும் ஃபங்ஷனைக் கொடுத்தால் ரியாக்ட் வரிசையாக ஓட்டி 8க்குக் கொண்டுவரும். தனித்து நிற்கும் எண்ணுக்கோ, திறந்து மூடும் மெனுவுக்கோ இதுவே தாராளம்.

ஓடர் படிவம் வேறு கதை. அனுப்புகிறது, பிழை, முடிந்தது என்று மூன்று யூஸ்ஸ்டேட் வைத்தேன். ஒருமுறை இணைப்பு அறுந்து, மறுபடி அனுப்பியதும் சரிவந்தது. பழைய பிழையை அழிக்க மறந்திருந்ததால் "நன்றி"யும் "அனுப்ப முடியவில்லை"யும் ஒரே திரையில் நின்றன. சாரன் வருமா வராதா என்று வாங்குபவர் தவிக்க வேண்டியதுதான்.

மூன்று ஆம்-இல்லைகள் சேர்ந்தால் 8 கூட்டுகள். படிவத்துக்கு வேண்டியவை 4 மட்டுமே. யூஸ்ரெடியூசர் (useReducer), நடந்ததைப் பார்த்து அடுத்த நிலையைச் சொல்லும் ரெடியூசர் என்ற ஒரே ஃபங்ஷன் வழியாக மதிப்பை மாற்றும். அதில் நிலைக்கு ஒரே சொல்தான்: தொடக்கம், அனுப்புகிறது, முடிந்தது, தோற்றது. ஒன்று வந்தால் மற்றது தானாகப் போய்விடும். வரிகள் கூடும், உண்மைதான். ஆனாலும் சேர்ந்தே மாறும் மதிப்புகளுக்கு நான் இதையே எடுப்பேன். சேர்வருக்கு அனுப்பும் வேலையை மட்டும் ரெடியூசருக்குள் வைக்கக் கூடாது. பிழை பிடிக்க ரியாக்டில் உள்ள ஸ்ட்ரிக்ட்மோட், உருவாக்கக் கட்டத்தில் ரெடியூசரை இருமுறை ஓட்டிப் பார்க்கும், ஓடரும் இரண்டாகப் போகும்.

2015இல் வந்த ரிடக்ஸ் போன்ற, தரவை எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே இடத்தில் வைக்கும் பொதுக் களஞ்சியம், பல பக்கங்கள் ஒரே தரவைத் தொடும்போதுதான் தேவை. ஒரு கடைக்கு அது பாரம்.

எதை எடுத்தாலும் கூடையின் பட்டியலுக்குள் நேரடியாகப் புஷ் செய்து (கடைசியில் ஒன்றைச் சேர்த்து) அதே பட்டியலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பழைய பட்டியல்தான் என்று ரியாக்ட் திரையை மாற்றாமல் விட்டுவிடும். புதிய பட்டியலாகப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.