வைகையில் தண்ணீர் வந்தால்: நாளிதழ்த் தமிழும் வாட்ஸ்அப் தமிழும்

வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இந்தச் சேதி மதுரைக்காரர்களுக்கு நாளிதழ், வாட்ஸ்அப் என இரண்டு வழியாக, இரண்டு விதத் தமிழில் வந்து சேர்கிறது. நம் தமிழை வளர்த்துக்கொள்ள எது அதிகம் உதவும், நாளிதழா சமூக ஊடகமா?

நாளிதழில் நீர்வரத்து, கனஅடி, மதகு, உபரிநீர் என்று சொற்கள் அடுத்தடுத்து வரும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பது வயலையே மிதிக்காத அண்ணா நகர்ப் பிள்ளைக்கும் அந்தச் செய்தி வழியாகத்தான் தெரிகிறது. கீழடியில் தோண்டத் தொடங்கிய பிறகு அகழாய்வு, உறைகிணறு, பானை ஓடு எல்லாம் டீக்கடைப் பேச்சுக்கு வந்ததிலும் நாளிதழுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் தேடாத செய்தியும் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டுவிடும். கைபேசியோ நேற்றுப் பார்த்ததையே இன்றும் கொண்டுவந்து காட்டுகிறது. சொல் வளம் என்று வந்தால் என் வாக்கு நாளிதழுக்கே.

ஆனால் எழுதும் முறை வேறு கதை. "தண்ணீர் திறந்துவிடப்பட்டுள்ளது, கரையோர மக்கள் அறிவுறுத்தப்பட்டுள்ளனர்." திறந்தவர் யார், சொன்னவர் யார் என்று இந்த வாக்கியத்தில் இல்லை. இதையே படித்து வளரும் பிள்ளை, தன் வீட்டுக் காதுகுத்தைப் பற்றி எழுதினாலும் "விழா இனிதே நடைபெற்றது" என்றுதான் முடிக்கிறது. அதே நாளில் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்படி வரும்: "யானைக்கல் பக்கம் யாரும் வந்துராதீங்கப்பா, தண்ணி ரோட்டுக்கு ஏறிருச்சு. எம்புட்டுச் சொல்லியும் கேக்காம நின்னு செல்ஃபி எடுக்குறாய்ங்க." பயமும் கோபமும் அக்கறையும் இரண்டே வரியில் வந்துவிட்டன. கதைகளுக்கு வெளியே அச்சில் அதிகம் ஏறாத 'எடுக்குறாய்ங்க' இன்று ஆயிரக்கணக்கான கைகளில் எழுத்தாகிறது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பேச்சுக்குப் பக்கத்தில் எழுத்தைக் கொண்டுவரும் வேலையை ஒரு காலத்தில் நாளிதழே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1942-ல் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியை இதே மதுரையில்தான் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று எழுதிய எளிய தமிழ் அது. அந்தச் சுருக்கமும் வேகமும் இன்றைக்கும் பாடமாக வைக்கத் தக்கவை.

சமூக ஊடகத்தின் மேல் எனக்கு இரண்டு மனக்குறைகள். அணை நிறைந்தாலும் 'வேற லெவல்', பரோட்டா ருசித்தாலும் 'வேற லெவல்' என்றால் ருசிக்கும் மகிழ்ச்சிக்கும் தனித்தனிச் சொல் தேட மனம் மெனக்கெடாது. இன்னொன்று, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது. அங்கே ல, ள இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான்; ர, ற இரண்டுக்கும் அப்படித்தான். அப்படியே பழகிய கை பிறகு தமிழில் எழுதும்போது கண்மாய்க் 'கரை'யா 'கறை'யா என்று தடுமாறுகிறது. குரல் பதிவு வந்த பிறகு அந்தத் தட்டச்சும் குறைந்துவிட்டது.

பள்ளிப் பிள்ளை என்றால் நாளிதழைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். உள்ளூர்ப் பக்கத்தையும் தலையங்கத்தையும் வாய்விட்டுப் படிக்கட்டும். படித்த சேதியை அன்றைக்கே குடும்பக் குழுவில், பெரியப்பாவுக்குச் சொல்வதுபோல், தமிழ் எழுத்தில் நாலு வரி எழுதட்டும். தமிழ் நன்றாகத் தெரிந்தும் எழுதக் கூச்சப்படும் பெரியவர்களுக்கு முகநூலே போதும்.