ஒபாட்டியாவில் மீன் சாப்பிடும் முன் தராசைப் பாருங்கள்

குரோஷியாவின் ஒபாட்டியாவுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலோர நடைபாதையை ஒட்டிய உணவகங்களில் முழு மீன் கேட்டால், அது அடுப்புக்குப் போகும் முன் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான்கு பேரின் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் 241 யூரோ வாங்கினார்கள். அதில் 153 யூரோ ஒரே ஒரு மீனுக்கு.

நேற்று முளைத்த சுற்றுலாத் தலமாக இருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ரியெகா நகர வணிகர் இஜீனியோ ஸ்கார்ப்பா இங்கே வில்லா அஞ்சோலினாவைக் கட்டியது 1844இல். 1873இல் மேட்டிலுள்ள மாத்துல்யி வரை ரயில் வந்தது. 1884இல் அந்த ரயில்வே நிறுவனமே குவார்னர் ஹோட்டலைத் திறந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் சீமான்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஊர் இது. பேரரசு போனது, இத்தாலி வந்தது, யூகோஸ்லாவியா வந்தது, இப்போது குரோஷியா. ஆட்சி எத்தனை மாறினாலும் விருந்தினரை உபசரிப்பதே ஊரின் பிழைப்பு. வோலோஸ்கோவிலிருந்து லோவ்ரான் வரை பாறை விளிம்பிலேயே ஓடும் 12 கிலோமீட்டர் நடைபாதையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மணல் கடற்கரையைத் தேடாதீர்கள். குளிக்கும் இடங்களில் பெரும்பாலும் காங்கிரீட் மேடைகள்தான். அது ஏமாற்று இல்லை, ஊரின் அமைப்பு அப்படி.

ஏமாற்று தட்டில் வந்தது. உணவுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பணியாளர் பனிக்கட்டி பரப்பிய தாம்பாளத்துடன் வந்து நின்றார். "இன்று காலை பிடித்தது, பண்ணை மீன் இல்லை, உங்கள் நான்கு பேருக்கும் சரியாக இருக்கும்" என்று ஒரு சுபாதாத்ஸைக் காட்டினார். அந்தக் கடலில் மதிப்பு மிக்க மீன் அது. என்ன விலை என்று என் அக்கா கேட்டார். "பட்டியலில் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பட்டியலையும் மூடி எடுத்துக்கொண்டு போனார். கடைசிப் பக்கத்தில், 'முதல் தர வெள்ளை மீன்' என்ற தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில் கிலோ 90 யூரோ என்று போட்டிருந்ததை நாங்கள் பார்த்தது சாப்பிட்டு முடித்து, பட்டியலைத் திரும்பக் கேட்டு வாங்கிய பிறகு. எந்த மீன், எத்தனை கிராம் என்ற விவரம் அங்கேயும் இல்லை.

மீன் சுட்டு வந்தது. கூடவே பிளிட்வா, அதாவது கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்தது. சுவையில் குற்றமில்லை. ஆனால் அக்காவின் கணவர் தூத்துக்குடிக்காரர், மீன் சந்தையிலேயே வளர்ந்தவர். தட்டைப் பார்த்ததுமே, "மாப்பிள்ளை, இது ஒரு கிலோவைத் தாண்டினாலே பெரிது" என்றார். முதலில் தந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. மீன் என்று ஒரு வரி, எதிரே தொகை. முறையான பில் வேண்டும் என்று வற்புறுத்திய பிறகுதான் அச்சிட்டது வந்தது. அதில் எடை 1.70 கிலோ. எங்கே எடை போட்டீர்கள் என்று அத்தான் கேட்டதற்கு, சமையலறையில் என்று பதில். சமைத்தால் எடை குறையும் என்று ஒரு பாடம் வேறு. குறையும்தான். அதற்காக ஏறக்குறைய பாதியாகிவிடுமா? கேட்காத ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் சேர்த்து, தலைக்கு 3 யூரோ 'குவேர்' தனி.

அடுத்தது கார்டு இயந்திரம். இந்தியக் கார்டு என்று தெரிந்ததும் திரையில் யூரோவா, ரூபாயா என்ற கேள்வி வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கார்டு வைத்திருப்பவரின் உரிமை. அந்தப் பணியாளர் தானே ரூபாயை அழுத்திவிட்டு, ரகசிய எண் போடும் கட்டத்தில்தான் இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். அன்றைய மாற்று விலையைவிட ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிற்று. இது போதாதென்று, இப்படி ரூபாயில் கணக்கிடப்படும் வெளிநாட்டுச் செலவுக்கும் நம் வங்கிகள் பல தனிக்கட்டணம் போடுகின்றன. இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி யூரோவை நீங்களே அழுத்துங்கள். நடைபாதையோரம் நிற்கும், எந்த வங்கியையும் சேராத ஏடிஎம்களும் இதே கேள்வியைத்தான் கேட்கும். அங்கும் ரூபாய் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். குரோஷியாவில் 2023 ஜனவரி 1 முதல் யூரோதான் பணம். பழைய குனாவில் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டப்படியான பில்லில் கியூஆர் குறியீடு இருக்கும், அது இல்லாத சீட்டுக்குப் பணம் தராதீர்கள். தகராறு வந்தால், வாய்ச்சண்டை போடாமல், கடையிலேயே 'பிரிகோவோர்' என்ற எழுத்துப்பூர்வமான புகாரைக் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்ள மறுக்க முடியாது. 15 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மீன் வேண்டும் என்பவர்கள் மத்தியையும் கணவாயையும் கேளுங்கள். அவை பெரும்பாலும் தட்டுக் கணக்கில் விற்கப்படுபவை, எடை போடும் விளையாட்டுக்கு இடம் குறைவு. குவார்னர் வளைகுடாவின் பெயர்பெற்ற ஸ்காம்பி இறாலும் பல இடங்களில் கிலோ கணக்குதான். அதற்கும் தராசு வேண்டும். எங்களுக்கு நியாயமான சாப்பாடு கிடைத்தது வோலோஸ்கோவின் ஒரு சந்துக் கடையில். மீனின் எடையையும் விலையையும் கேட்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள்.

எங்கள் புகாருக்குக் கெடுவுக்குள்ளேயே பதில் வந்தது: எடை சரியாகவே போடப்பட்டதாம், ரூபாயை நானே தேர்ந்தெடுத்தேனாம். தராசைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. பில், துண்டுச் சீட்டு, பதில் கடிதம் மூன்றையும் அந்நாட்டு அரசு ஆய்வுத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். வங்கியிலும் மாற்று விலை குறித்து முறையிட்டிருக்கிறேன். ரகசிய எண் போட்டிருப்பதால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம் என்று வங்கியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.