ரப்பர் கடைக் கணக்கில் 15 வருடம் போஸ்ட்கிரெஸ்

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு 2008-ல் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கணக்கைச் சேமித்து வைக்க எந்த டேட்டாபேஸ் மென்பொருள் என்று யோசிக்கவே இல்லை, மைஎஸ்க்யூஎல்தான். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்த எந்தப் பையனைக் கூப்பிட்டாலும் அது தெரியும். எந்த ஹோஸ்டிங் வாங்கினாலும் அது இருக்கும்.

கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது உபுண்டு லினக்ஸ். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் மைஎஸ்க்யூஎல் அப்போது மைஐசாம் என்ற சேமிப்பு முறையில்தான் டேபிளை (தரவு அட்டவணையை) உருவாக்கும். அதில் டிரான்சாக்‌ஷன் கிடையாது; அதாவது, ஏறினால் எல்லாம் ஏற வேண்டும், இல்லையேல் எதுவுமே ஏறக் கூடாது என்று சில மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்ட முடியாது. இணையப் பக்கங்களுக்கு அது போதும், வேகமும் உண்டு. அவ்வளவு பேர் அதை எடுத்துக்கொண்டது அதனால்தான். என் தேவை வேறு. 42 கிலோ ஷீட் சரக்கில் ஏறினால், விவசாயியின் பற்றுவரவில் பணமும் கூடவே ஏற வேண்டும். ஓர் ஐப்பசி மாலை, இடி வெட்டிக் கரண்ட் போனது. காலையில் பார்த்தால் சரக்கு ஏறியிருக்கிறது, பணம் ஏறவில்லை.

"மக்கா, நேத்து எழுதுன கணக்கு எங்க?" என்று கடைக்கார அண்ணன் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. அப்படிக் கட்டக்கூடிய இன்னோடிபி என்ற நல்ல முறை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே இருந்தது. தேடிப் பார்க்காதது என் தவறு. 2010 கடைசியில் வந்த 5.5 பதிப்பில்தான் அது தானாகவே அமையத் தொடங்கியது.

அதற்குள் நான் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற இன்னொரு டேட்டாபேஸின் 8.4 பதிப்புக்கு மாறிவிட்டேன். அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகுதான் டேபிளில் சேர்க்கும். அண்ணனுக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாள்வழியில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றுவது அவர் அப்பா காலத்துப் பழக்கம். எடை பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு செக் (சரிபார்ப்பு) விதி போட்டால், தவறான எண்ணை உள்ளே விடாது. மைஎஸ்க்யூஎல்லோ 2019-ல் 8.0.16 வரும்வரை அதே விதியை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் விட்டுவிடும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பர் மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. ஜெனரேட்டரில் ஓட்டினோம். டீசல் தீர்ந்து இரண்டு முறை பதிவின் நடுவிலேயே கம்ப்யூட்டர் அணைந்தது. இரண்டு முறையும் போஸ்ட்கிரெஸ், "சரியாக மூடப்படவில்லை, மீட்டெடுக்கிறேன்" என்று தன் லாக் கோப்பில் சொல்லிவிட்டு எழுந்து வந்தது. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

கஷ்டமும் உண்டு. தொடக்க வருடங்களில் சிக்கினால் கேட்க ஊரில் ஆள் இல்லை. அதன் ஆவணத்தை இரவெல்லாம் படித்துத்தான் தேறினேன். அவ்வளவு தெளிவான ஆவணத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 2023-ல், மென்பொருள் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கருத்துக்கணிப்பில், பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் போஸ்ட்கிரெஸ் மைஎஸ்க்யூஎல்லைத் தாண்டியது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

பெரிய பதிப்பு மாற்றம் மட்டும் இன்னும் தலைவலிதான். பழைய பதிப்பின் கோப்புகளைப் புதியது அப்படியே திறக்காது. கடையில் ஓடுவது 13-ஆம் பதிப்பு. அதற்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. மாற்றுவதற்கு அரை நாள் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் சரி என்கிறார் அண்ணன்.