கான்டெசாவின் டைமிங் டேபிள்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என் கான்டெசா காரில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் போட்டு மூன்று வருடம் ஆகிறது. அதன் கிராங்க் புல்லியை (இன்ஜின் தண்டின் முனையில் சுழலும் சக்கரம்) மாற்றிப் பத்து நாள் ஆகிறது. நேற்று நண்பர் ஒருவர் தன் பழைய காருக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா, அந்த டைமிங் டேபிள் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்ற அட்டவணை) எல்லாம் நமக்குப் புரியுமா என்று கேட்டார். எரிச்சலில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

டேபிள் புரியும். பழைய கார்களில் ஸ்பார்க்கைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். உள்ளே சுழலும் எடைகள் ஆர்பிஎம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்னால் தள்ளும், அது டேபிளின் குறுக்கு வரிசை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் வேக்கம் டப்பா மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) உறிஞ்சலைப் பார்த்துத் தள்ளும், அது நெடுக்கு வரிசை, அந்தக் குழாயின் அழுத்தம் கிலோபாஸ்கலில். எனக்குப் புரிய நாள் பிடித்தது ஒன்றுதான்: லேசாக மிதித்து ஓட்டும்போது டிகிரி ஏன் அதிகம், முழுக்க மிதித்தால் ஏன் குறைவு? லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம்தான் இருக்கும், தீ மெதுவாகப் பரவும், அதனால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். பிஸ்டன் உச்சி தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் மொத்தக் கணக்கும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட். 30 டிகிரி முன்னால் ஸ்பார்க் வந்தால் அந்த உச்சத்துக்கு 2.5 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. என் வண்டியில் 2500 ஆர்பிஎம்மில் 50 கிலோபாஸ்கலுக்கு (லேசான மிதி) 34 டிகிரி, 100க்கு (முழு மிதி) 22. வேறு இன்ஜினுக்கு இதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஐட்லிங்கில் கிடைத்தது. 850 ஆர்பிஎம்மில் 12 டிகிரி வைத்து, அதற்குக் கீழே 650 கட்டத்தில் 18 போட்டேன். ஏசி போட்டதும் ஆர்பிஎம் இறங்கப் பார்க்கும், உடனே டைமிங் ஏறி இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும். எந்த எடையும் ஸ்பிரிங்கும் இதைச் செய்யாது. மூன்று வருடமாகச் சிக்னலில் வண்டி ஒரு தடவைகூட அணைந்ததில்லை.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். நடுவில் ரப்பர் வளையம் வைத்த புல்லி. வேலை செய்து கொடுத்த பட்டறை, இன்ஜின் எந்த நிலையில் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும் 36-1 பல் சக்கரத்தை (36 பல்லில் ஒன்று இல்லாதது) ரப்பருக்கு வெளியே உள்ள வளையத்தில் பொருத்திவிட்டது. போன வருடம் ரப்பர் விட்டு, வெளி வளையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவியிருக்கிறது. பிக்கப் மந்தமாகத் தெரிந்ததால் டேபிளில் ஒரு டிகிரி ஏற்றினேன், அப்புறம் இன்னும் இரண்டு, இப்படியே மொத்தம் ஆறு. ஒவ்வொரு முறையும் டைமிங் லைட் (ஸ்பார்க் வரும் நொடியில் மின்னிப் புல்லியின் கோட்டைக் காட்டும் விளக்கு) அடித்துப் பார்த்தேன், லேப்டாப்பில் உள்ள எண்ணும் புல்லியின் கோடும் அச்சாகப் பொருந்தின. பொருந்தாமல் எங்கே போகும்? கோடும் அதே வெளி வளையத்தில்தான் இருக்கிறது, பல்லோடு சேர்ந்தே நழுவியிருக்கிறது.

புதுப் புல்லி போட்டு மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன், நாக்கிங் சத்தம் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டும் சத்தம்) வயிற்றைக் கலக்கிவிட்டது. 22 இருக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே 28 அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பழைய புல்லியையும் புதியதையும் சாவிக்காடி (தண்டில் புல்லியைப் பூட்டும் வெட்டு) ஒத்துவர வைத்துப் பார்த்தால், விளிம்பில் இரண்டு கோட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர்.

இசியூ (அந்த இன்ஜின் கம்ப்யூட்டர்) மேல் குற்றமில்லை, தனக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்தது. ஆனால் திரையில் தெரியும் எண் அது கேட்ட டிகிரி மட்டுமே, இன்ஜினுக்குக் கிடைத்தது இல்லை. டேபிளின் 256 கட்டத்தையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. பிஸ்டன் உடையாமல் தப்பித்தது.

இப்போது பல் சக்கரத்தை உள் ஹப்பிலேயே போல்ட் போட்டாயிற்று, ஏற்றிய ஆறு டிகிரியும் இறக்கியாயிற்று, வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: போட வேண்டாம், கார்புரேட்டரோடு நிம்மதியாக இருங்கள். கேட்கமாட்டேன் என்றால், நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை உச்சிக்குச் சற்று முன்பே தடுக்கும் கருவி) மாட்டுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பி, முட்டும் இடத்தில் ஒவ்வொரு கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிஜமான உச்சியைக் குறித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், லேப்டாப்போடு வருகிறேன்.