சிங்கப்பூரிலிருந்து லீவு, தருமபுரி வெயில்: காருக்குக் கூலிங் பேப்பர் நாமே ஒட்டலாமா?

மூன்று வார லீவில் வந்து, வீட்டில் நிற்கும் காருக்குக் கூலிங் பேப்பர் ஒட்டிவிட்டுப் போக நினைப்பவர்கள் முதலில் கால்குலேட்டரை எடுங்கள். கத்தியும் ஸ்ப்ரே பாட்டிலும் அப்புறம்.

சிங்கப்பூரில் முன்கண்ணாடியும் முன்கதவுகளும் 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும். பின்கதவுக்கும் பின்கண்ணாடிக்கும் 25 போதும். அந்தப் பழக்கத்தில் இங்கே ‘பின்னாடி மட்டும் கொஞ்சம் கருப்பா’ என்று கேட்டால் ஒட்டிக் கொடுக்கக் கடை இருக்கிறது. ஆனால் மோட்டார் வாகன விதி 100 கேட்பது முன்னும் பின்னும் 70, பக்கவாட்டில் 50. எந்த ஃபிலிமும் (கூலிங் பேப்பரும் அதுதான்) கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் அமலான திருத்தம் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடிக்கு இடம் கொடுத்தது. அதை வைத்து, அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அது கேரளத் தீர்ப்பு. தொப்பூரிலோ அத்திப்பள்ளியிலோ வண்டியை ஓரங்கட்டும் காவலர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அளவு அச்சிட்ட ஃபிலிம், வண்டி எண் எழுதிய வாரன்ட்டி கார்டு, பில் மூன்றும் ஆர்.சி.யோடு இருக்கட்டும்.

கணக்குக்கு வருவோம். ஃபிலிமின் சதவீதமும் கண்ணாடியின் சதவீதமும் பெருகும். கம்பெனிக் கண்ணாடி 72 விடுகிறது, மேலே 70 ஃபிலிம் ஒட்டுகிறோம் என்றால் மிஞ்சுவது 50.4. கதவுக்கு மயிரிழையில் தப்பிக்கும். ‘50 ஃபிலிம், லீகல் சார்’ என்று கடையில் சொல்வதை ஒட்டினால் 36 தான். முன்கண்ணாடி 78 விடுகிறது என்று வைத்தாலும், 90 ஃபிலிம் ஒட்டினால் 70.2. பின்கண்ணாடிக்கும் அதே நெருக்கடி. ஆக, சட்டத்துக்குள் நிதானமாக ஒட்ட மிஞ்சுவது நான்கு கதவுக் கண்ணாடிகள் மட்டுமே. வசதியாக, வீட்டில் ஒட்டச் சுலபமானவையும் அவைதான். வளைவு அதிகமான பின்கண்ணாடியில்தான் ஹீட் கன் பிடித்துச் சுருக்கும் வித்தை தேவை. ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் கண்ணாடியே உடைந்துபோகலாம்.

வெளிச்சமான ஃபிலிம் வெயிலைத் தடுக்குமா? சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நல்ல செராமிக் ஃபிலிம் அதைப் பிடிக்கும். மலிவான சாய ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும், சில வருடத்தில் ஊதாவாகவும் மாறும். கடையில் சிவப்பு பல்பைக் காட்டிக் கையை வைக்கச் சொல்வார்கள். அது பல்பின் சூட்டுக்கான சோதனை. கேட்க வேண்டியது மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்ற எண். உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் வேண்டாம். முன்கண்ணாடியில் ஒட்டினால் கிருஷ்ணகிரி டோலில் ஃபாஸ்டேக் படிக்காமல் நிற்க நேரும்.

தருமபுரிப் பக்கம் வேலையைக் கெடுப்பது முக்கியமாகத் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும், அது போகவே போகாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் நான்கு கதவுக்கும் போதும். லிட்டருக்கு நான்கைந்து சொட்டு குழந்தை ஷாம்பு. நுரை அதிகமானால் பசை பிடிக்காது.

அடுத்தது தூசி. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வாசலில் வைத்து ஒட்டினால் மண் பறந்து வந்து ஒட்டும். மூடிய ஷெட், காலை எட்டு மணிக்குள், ஃபேன் இல்லாமல், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு.

ஆன்லைனில் வரும் ரோல் பெரும்பாலும் 50 செ.மீ. அகலம், 3 மீட்டர் நீளம். ஒரு கதவுக்கு 90 செ.மீ. வைத்தால் மூன்று கண்ணாடியோடு தீர்ந்துவிடும். இரண்டு ரோல் வாங்குங்கள். ஒரு துண்டு வீணாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் விண்டோ சுவிட்சைத் துண்டால் மூடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தைப் புது பிளேடால் சுரண்டி, கீழ் பீடிங்குக்குள் (ரப்பர் பட்டை) இருக்கும் மண்ணைத் துடையுங்கள். ஓரம் உரிவது பெரும்பாலும் இந்த மண்ணால்தான். வெளிப்பக்கம் நனைத்து, ஃபிலிமை லைனர் (பசையை மூடியிருக்கும் தாள்) நம்மைப் பார்க்கும்படி போட்டு, வடிவத்துக்கு வெட்டுங்கள். கண்ணாடியை ஐந்து செ.மீ. இறக்கி, லைனரை உரித்து, பசையையும் கண்ணாடியையும் தாராளமாக நனைத்து, ஃபிலிமை உள்பக்கம் மேல் விளிம்பிலிருந்து 2 மி.மீ. விட்டு வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்யூஜியால் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் தகடு) தள்ளுங்கள். மேல்பாதி பிடித்ததும் கண்ணாடியை ஏற்றி, கீழ்ப்பாதியை பீடிங்குக்குள் செருகித் தள்ளுங்கள். லைனரின் மூலை பிரியவில்லையா, இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி இழுத்தால் பிரியும்.

தண்ணீர் மங்கல் இரண்டு வாரத்தில் தானே வற்றும். மண் புள்ளியும் மடிப்பும் வற்றாது.

செராமிக் என்றால் கடையிலேயே கொடுங்கள். கை தவறினால் போகும் காசு கூலியைவிட அதிகம். பிராண்டு டீலர் வேண்டுமானால் ஓசூரோ சேலமோ போவது நல்லது. எங்கே போனாலும் டிஸ்டில்ட் வாட்டர் கேனை நீங்களே கொண்டுபோங்கள்; முறைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ரோலை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, லைனரில் பெயர் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டியின் பின்கண்ணாடியில் பழைய கருப்பு ஃபிலிம் இருந்தால் அதையும் கடையில்தான் எடுக்க வேண்டும், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். பிளேடு போட்டால் டிஃபாகர் கோடுகள் (கண்ணாடியின் ஆவி மங்கலைப் போக்கும் சூட்டுக் கம்பிகள்) அறுந்துபோகும். சூடு காட்டி மெல்ல உரித்து, மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரும் நைலான் நாருமாகத் தேய்ப்பதே சரி.

ஒட்டிய பிறகு குறைந்தது மூன்று நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது. நீங்கள் ஃபிளைட் ஏறிய மறுநாளே டீக்கடை வாசலில் யாராவது இறக்கிவிடுவார்கள். நான்கு சுவிட்சின் மேலும் டேப் ஒட்டி, அதில் தேதியை எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.