ஆட்டம் முடிந்தால்தான் அடுத்த நிகழ்ச்சி: டாலஸில் ஆன்டெனாவோடு பல வருட அனுபவம்

டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. பரணில் ஒரு ஆன்டெனா, அதோடு பதிவு செய்ய ஒரு டிவிஆர் பெட்டி, அவ்வளவுதான். 4, 5, 8, 11 என்று நாலு பெரிய சேனல்களும் காசில்லாமல் தெளிவாக வருகின்றன. புதிதாக இங்கே வருகிறவர்கள் ஆன்டெனா போதுமா என்று கேட்டால் போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் செப்டம்பர் வந்துவிட்டால் அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. ஃபுட்பால் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சி எப்போது வரும், வருமா என்பதே ஆட்டத்தைப் பொறுத்துத்தான்.

நம் ஊரில் சன் டிவி என்றால் எங்கே இருந்து பார்த்தாலும் ஒரே அட்டவணை. இங்கே அப்படி இல்லை. நாடு 210 ஒளிபரப்புச் சந்தைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் ஃபாக்ஸ், என்பிசி, ஏபிசி, சிபிஎஸ் ஆகிய தேசிய நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளைக் காட்ட ஓர் உள்ளூர் நிலையம் உண்டு. சில ஊர்களில் நிலையம் நெட்வொர்க்கின் சொந்தச் சொத்து. மற்ற ஊர்களில் ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனத்துடையது. நெட்வொர்க் அனுப்புவதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் காட்டும் உரிமையை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் (எஃப்சிசி) விதியே ஒப்பந்த நிலையங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஃபுட்பாலை ஒதுக்குகிற நிலையத்தை நான் பார்த்ததில்லை. ஒதுக்கப்படுவது எப்போதும் மற்றதுதான்.

எங்கள் வீட்டில் இதை முதலில் கவனித்தவர் என் மாமனார். சென்னையிலிருந்து வந்து தங்கும் மாதங்களில் மாலை 5:30 தேசியச் செய்தி அவருக்குக் கட்டாயம் வேண்டும். ஒரு சனிக்கிழமை காபியோடு உட்கார்ந்தவர், "என்னம்மா, மணி அஞ்சரை ஆச்சு, இன்னும் பந்தையே தூக்கிட்டு ஓடறாங்க?" என்றார். 2:30க்குத் தொடங்கிய கல்லூரி ஆட்டம் ஆறு மணியைத் தொட்டது. அன்றைக்கு அந்தச் சேனலில் தேசியச் செய்தியே இல்லை. தள்ளி வைக்கவும் இல்லை, அதே நிலையத்தின் கூடுதல் சேனலான துணைச் சேனலில் போடவும் இல்லை. திரையின் அடியில் ஒரு வரிகூட ஓடவில்லை. என் ஆதங்கமெல்லாம் அந்த ஒரு வரிதான். ஆட்டம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். காத்திருக்கிறவரிடம் சொல்லாமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. அன்றைக்கு ஒரே சிக்கலை இரண்டு நெட்வொர்க்குகள் இரண்டு விதமாகக் கையாள்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் நேரப்படி முதல் ஆட்டம் மதியம் 12 மணிக்கு, இரண்டாவது 3:25க்கு. இரண்டாவது ஆட்டம் ஆறரை ஆகாமல் முடிவது அபூர்வம். ஃபாக்ஸ் ஏழு மணி வரை ஆட்டத்துக்குப் பிந்தைய பேச்சு நிகழ்ச்சி ஒன்றை வைத்திருக்கிறது. ஆட்டம் நீண்டால் பேச்சு குறையும், சீக்கிரம் முடிந்தால் பேச்சு நீளும். ஏழு மணி நிகழ்ச்சி பெரும்பாலும் ஏழுக்கே வந்துவிடும். சிபிஎஸ் அப்படிச் செய்வதில்லை. ஆட்டம் முடிந்ததும் '60 மினிட்ஸ்' என்ற செய்தி அலசல் நிகழ்ச்சியை முழுதாகக் காட்டுவார்கள், இரவு அட்டவணை மொத்தமும் பின்னால் நகரும். இரண்டு ஆட்டம் காட்டும் வாரங்களில் நெட்வொர்க்கே அதை 6:30 என்று அறிவித்துவிடுகிறது. அதையும் தாண்டிப் போகிற நாட்கள் நிறைய. அப்புறம் பத்து மணி உள்ளூர்ச் செய்தியும் தள்ளிப்போகும். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் வானிலை அறிக்கைக்காகக் கண் விழித்திருக்க வேண்டியதுதான். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஆட்டம் முடியும்போது மணி ஐந்துகூட ஆகியிருக்காது, '60 மினிட்ஸ்' ஏழு மணிக்கே வந்துவிடும்.

பார்வையாளராக எனக்கு ஃபாக்ஸின் முறைதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் சிபிஎஸ்ஸிடம் ஒரு நேர்மை உண்டு: எவ்வளவு தாமதமானாலும் நிகழ்ச்சியை நடுவில் இருந்து தொடங்குவதில்லை.

ஆட்டம் முடியும்வரை ஏன் இப்படிப் பிடிவாதமாக நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968 நவம்பர் 17. நியூயார்க் ஜெட்ஸும் ஓக்லண்ட் ரெய்டர்ஸும் என்பிசியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 65 வினாடி மிச்சம் இருக்கும்போது ஜெட்ஸ் 32-29 என்று முன்னிலை. கிழக்கு நேரம் ஏழு மணிக்கு 'ஹைடி' என்ற குழந்தைகள் படம் போடுவதாக விளம்பரம் செய்திருந்தார்கள். மணி ஏழானதும் கிழக்குப் பகுதி முழுவதும் ஆட்டம் அறுந்து படம் தொடங்கிவிட்டது. ஆட்டத்தைத் தொடருங்கள் என்று சொல்ல மேலதிகாரிகள் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே பொதுமக்களின் அழைப்புகளால் இணைப்புகள் நிரம்பி வழிந்ததால் லைன் கிடைக்கவில்லை. கிழக்கில் யாரும் பார்க்காத அந்தக் கடைசி நிமிடத்தில் ரெய்டர்ஸ் ஒன்பது வினாடி இடைவெளியில் இரண்டு டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) போட்டு 43-32 என்று ஜெயித்தார்கள். அந்த முடிவைப் படத்தின் உருக்கமான கட்டத்தில் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். ஆட்டம் பார்த்தவர்களோடு படம் பார்த்தவர்களுக்கும் சேர்த்துக் கோபம். அதற்குப் பிறகு, ஆடும் அணிகளின் ஊர்களில் ஆட்டத்தை இறுதிவரை காட்டியே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. டாலஸின் ஃபுட்பால் அணியான கவ்பாய்ஸின் ஊரில் குடியிருந்துகொண்டு அவர்கள் ஆட்டத்தை நடுவில் நிறுத்துங்கள் என்று கேட்பதில் பலன் இல்லை.

ஆனால் நிறுத்தியே ஆக வேண்டிய சமயம் ஒன்று உண்டு. 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. டாலஸுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் கவ்பாய்ஸுக்கும் ஃபிலடெல்பியா ஈகிள்ஸுக்கும் ஆட்டம். ஒன்பது மணி வாக்கில் வடமேற்கு டாலஸில் ஒரு டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) இறங்கியது. டொர்னாடோவின் வலிமையைச் சொல்லும் அளவுகோலில் இஎஃப்-3 வகை, காற்று மணிக்கு 140 மைல். சுமார் 16 மைல் தூரம் தரையைக் கிழித்துக்கொண்டு ரிச்சர்ட்சன் வரை வந்தது. எங்கள் வீட்டில் எச்சரிக்கை வந்தது கைபேசியில்தான். குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய் உட்கார்ந்தோம். ஆட்டத்தைக் காட்டிய நிலையம் எச்சரிக்கை வந்ததும் உடனே ஒளிபரப்பை இடைமறிக்கவில்லை. மறுநாள் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்கள். தாமதம் ஆறு நிமிடம்தான் என்றாலும் இப்படிப்பட்ட வானிலையில் ஒவ்வொரு வினாடியும் முக்கியம், நாங்கள் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். கூரை பறந்த வீடுகள், சிதைந்த பள்ளிக்கூடம், தரைமட்டமான பெரிய கடை என்று நகரமே அடி வாங்கிய அந்த இரவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த ஆறு நிமிடத்தை நான் இன்றும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டத்தில் கவ்பாய்ஸ் 37-10 என்று ஜெயித்தார்கள்.

நிலையத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இடைமறித்தால் திட்டு விழுகிறது. அதே வருடம் மே மாதம் ஒஹையோவின் டேட்டனில் டொர்னாடோ எச்சரிக்கைக்காக ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். பார்வையாளர்கள் புகார் எழுதிக் குவிக்க, வானிலையாளர் நேரலையிலேயே அவர்களைக் கடிந்துகொண்டார். அந்த இரவு அந்தப் பகுதியில் டொர்னாடோக்கள் பெரும் சேதம் செய்தன. விளையாட்டோ சினிமாவோ, எச்சரிக்கை வந்தால் வானிலையாளர்தான் திரையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எங்கள் பக்கம் இப்போது பெரும்பாலும் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ராடார், ஒரு பக்கம் ஆட்டம் என்று காட்டுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஒலி வானிலையாளருடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு வகை மோதல் ஊர் அணியால் வருவது. திங்கள் இரவு ஆட்டம் ஈஎஸ்பிஎன் என்ற கேபிள் சேனலில், வியாழன் ஆட்டம் 2022 முதல் அமேசானில். திங்கள் ஆட்டங்களில் சில ஏபிசியிலும் வரும், மற்றவை ஆன்டெனாவில் வராதவை. ஆனால் ஆடும் இரண்டு அணிகளின் ஊர்களில் மட்டும் ஓர் இலவச நிலையத்திலும் காட்ட வேண்டும். கவ்பாய்ஸ் ஆடும் வாரம் எங்களுக்கு ஆட்டம் காசில்லாமல் கிடைக்கும். அந்த நேரத்தில் வர வேண்டிய நெட்வொர்க் தொடர் நள்ளிரவுக்குப் பின்போ, துணைச் சேனலிலோ, வேறொரு நிலையத்திலோ போய் ஒளிந்துகொள்ளும். ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களுக்கும் இதே கதைதான். ஒரு நிலையம் முதல் நாளே செய்தி முடிவில், "நாளைய தொடர் இரவு 1:05க்கு" என்று வாயால் சொன்னது. அதைக் கேட்டுப் பதிவு போட்டேன், சொன்ன நேரத்துக்கு வந்தது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்த நிலையத்தின் செய்தியைத்தான் இன்றும் பார்க்கிறேன்.

பதிவு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் டிவிஆர் பெட்டி அட்டவணை சொன்ன நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஞாயிறு மாலை எதைப் பதிவு செய்தாலும் முடிவு நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டி வையுங்கள். அல்லது அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே பதிவு போடுங்கள். அக்டோபரில் ஃபாக்ஸில் வேர்ல்ட் சீரிஸ் பேஸ்பால் நடக்கும் இரவுகளில் ஒன்பது மணிச் செய்திக்கும் இது பொருந்தும். பேஸ்பாலுக்குக் கடிகாரம் வைத்து முடிவு நேரம் கிடையாது, பத்தரையைத் தாண்டும் இரவுகளும் உண்டு.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. கேபிள் விளையாட்டுச் சேனல்களை நடத்திய டயமண்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் திவாலுக்கு மனுப் போட்டது. அதன் பிறகு கூடைப்பந்து அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இலவச நிலையங்களுக்குத் திரும்பின. ஃபீனிக்ஸ் சன்ஸ், யூட்டா ஜாஸ் இரண்டும் 2023இல். எங்கள் மாவரிக்ஸ் 2024-25 பருவத்தில் வந்தது. பெரும்பாலான ஆட்டங்கள் சேனல் 29இல். அதற்கு முன் அது ஒரு ஸ்பானிஷ் மொழிச் சேனல். நெட்வொர்க் தொடர்களோடு மோதாமல் விளையாட்டுக்கென்று ஒரு தனி நிலையம் இருப்பதால் எங்கள் வீட்டில் எட்டு மணிச் சண்டை பாதி குறைந்துவிட்டது. நாடு முழுவதும் காட்டப்படும் சில ஆட்டங்கள் மட்டும் அதில் வராது. ஆன்டெனா வைத்திருந்தும் 29 வரவில்லை என்பவர்கள் டிவி அமைப்புக்குள் போய்ச் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.